“எழுந்து நில், ஒரு சுற்று சுற்று!” – டி.வி. செய்தி ராஜா 15 நாளில் கவிழ்ந்த கதை

நியூயார்க் நகரில் 6-வது அவென்யூ என்று ஒரு பெரிய சாலை. அங்கே வானத்தை முட்டும் ஒரு கட்டிடம். அதன் 2-வது மாடி அறையில் சுமார் 20 ஆண்டு காலமாக ஒருவர் கொலு வீற்றிருந்தார்.

பெயர், ரோஜர் எய்ல்ஸ். "பாக்ஸ் நியூஸ்" டெலிவிஷனின் தலைவர். கனத்த சரீரம். ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறவர்கள்கூட அவரைப் பகைத்துக்கொள்ள யோசிப்பார்கள்.

2016-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி அவர் மீது ஒரு பெண் வழக்குப் போட்டார். அப்போது எய்ல்சுக்கு வயது 76. ஜூலை 21-ந்தேதி பதவி காலி!

கணக்குப் பார்த்தால் 15 நாள்தான்.

இந்த 15 நாளையும் அதற்கு முன்னே நடந்ததையும் வைத்து எடுக்கப்பட்ட ஆங்கிலப் படம்தான் "பாம்ஷெல்". 2019-ம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. ஜே ரோச் டைரக்ட் செய்தார். கதை வசனம் சார்லஸ் ராண்டால்ப். "பாம்ஷெல்" என்றால் தலையில் விழுகிற குண்டு என்றும் அர்த்தம். பார்த்தவர் கிறங்கிப்போகும் கட்டழகி என்றும் அர்த்தம். படத்தில் இரண்டும் உண்டு.

ஆனால் 15 நாளில் அவர் எப்படி விழுந்தார் என்பது பெரிய மர்மம் அல்ல. அதற்கு முந்தைய 20 வருஷம் எப்படி விழாமல் இருந்தார் என்பதுதான் மர்மம். அங்கே வேலை பார்த்த பெண்கள் வாயில்லாப் பூச்சிகளா? இல்லை. தினம் மைக் முன்னால் உட்கார்ந்து மந்திரிகளையே மடக்கிக் கேள்வி கேட்கிறவர்கள். ஊரில் யார் வீட்டில் குட்டு உடைந்தாலும் முதலில் சொல்கிறவர்கள். சொந்த ஆபீசில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

ஏன்?

ஆசாமி லேசுப்பட்டவர் அல்ல

எய்ல்ஸ் சாதாரணமாக வந்தவர் அல்ல. 1968-ம் ஆண்டு தேர்தலில் நிக்சனுக்கு டெலிவிஷனில் எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர். 1984-ல் ரீகனுக்கு யோசனை. 1988-ல் மூத்த புஷ்சுக்கு யோசனை. மூவரும் ஜெயித்தார்கள்.

1996 அக்டோபரில் பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக்குக்காக "பாக்ஸ் நியூஸ்" நிலையத்தைத் தொடங்கி நடத்தினார். சில வருஷங்களில் அமெரிக்க கேபிள் செய்தி நிலையங்களில் அதுவே முதல் இடம். பணம் கொட்டியது. பணம் கொட்டுகிற மரத்தை எந்த முதலாளி வெட்டுவார்?

ரோஜருக்குப் பிடித்தால் உங்களுக்கு நிகழ்ச்சி உண்டு. பிடிக்காவிட்டால் பகல் நேரத்துக்குத் தள்ளுவார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே வேலை செய்தவர்களுக்கு இது மனப்பாடம்.

3 பெண்கள்

படத்தில் 3 பெண்கள். இருவர் நிஜம், ஒருவர் கற்பனை.

முதலாமவர் கிரெட்சன் கார்ல்சன். நிக்கோல் கிட்மன் நடித்திருக்கிறார். 1989-ம் ஆண்டு "மிஸ் அமெரிக்கா" பட்டம் பெற்ற அழகி. வயலின் வாசிப்பதில் கெட்டிக்காரி. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2005-ல் பாக்ஸ் நியூஸில் சேர்ந்து, காலை நிகழ்ச்சியில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர். கூட உட்கார்ந்த ஆண்கள் செய்த கேலியைப் பற்றிப் புகார் செய்தார். 2013-ல் அவரை மதிய நேரத்துக்கு மாற்றினார்கள். 2016 ஜூன் 23-ந்தேதி சீட்டுக் கிழிந்தது. 50-வது பிறந்த நாள் கொண்டாடி அன்றைக்கு 2 நாள்தான் ஆகியிருந்தது.

இரண்டாமவர் மெகின் கெல்லி. இவராக நடித்தவர் சார்லீஸ் தெரோன். வக்கீலாக இருந்து செய்தி வாசிப்புக்கு வந்தவர். 2015 ஆகஸ்டில் கிளீவ்லாந்து நகரில் நடந்த வேட்பாளர்கள் விவாதத்தில் டிரம்பைப் பார்த்து, பெண்களைப் பற்றி நீங்கள் பேசிய ஏச்சுப் பேச்செல்லாம் என்ன என்று நேருக்கு நேர் கேட்டவர். அதற்காக மாதக்கணக்கில் திட்டு வாங்கியவர். அந்த நிலையத்தின் நட்சத்திரம் அவர்தான்.

மூன்றாவது பெண் கெய்லா. இது கற்பனைப் பாத்திரம். பலருக்கு நேர்ந்ததை ஒரு பெண் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். மார்கோ ராபி நடித்திருக்கிறார். பக்தியான கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அந்த டெலிவிஷனைக் கோவில் மாதிரி நினைத்து வேலைக்கு வந்தவள். எப்படியாவது காமிரா முன்னால் உட்கார வேண்டும் என்று துடிக்கிறாள்.

அந்த அறை

படத்தில் நெஞ்சை அடைக்கிற காட்சி இதுதான்.

கெய்லா வாய்ப்புக் கேட்டு 2-வது மாடிக்குப் போகிறாள். கிழவர் சோபாவில் சாய்ந்திருக்கிறார். மெதுவாகப் பேசுகிறார். குரலை உயர்த்தவே இல்லை. எழுந்து நில் என்கிறார். நிற்கிறாள். ஒரு சுற்று சுற்று என்கிறார். சுற்றுகிறாள்.

உடையைக் கொஞ்சம் மேலே தூக்கு, காலைப் பார்க்க வேண்டும் என்கிறார். டெலிவிஷன் கண்ணால் பார்க்கிற சமாசாரமாச்சே என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று உறைந்து நிற்கிறது. இன்னும் கொஞ்சம் என்கிறார். இன்னும் கொஞ்சம் என்கிறார்.

கை தொடவில்லை. அடி இல்லை, சத்தம் இல்லை. கிழவருக்கு மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்கிறது. உள்ளாடை தெரியும் வரை விடவில்லை. பிறகு ஒரே வார்த்தை: விசுவாசம். உனக்கு நான் வேலை கொடுத்தால் நீ எனக்கு என்ன தருவாய் என்பதை அந்த ஒரு வார்த்தையில் அடக்கிவிடுகிறார்.

நான் பார்த்த எத்தனையோ அடிதடிப் படங்களில் இந்த அளவுக்கு நெளிந்தது இல்லை. எய்ல்சாக நடித்த ஜான் லித்கோ முகத்திலும் உடம்பிலும் ஏதேதோ ஒட்டிக்கொண்டு நடித்திருக்கிறார். ஆனாலும் அந்தக் கண் ஒன்று போதும்.

இதெல்லாம் சினிமாவுக்காகச் சேர்த்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் மெகின் கெல்லி, தன்னுடன் வேலை பார்த்த சில பெண்களோடு இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசியதை வீடியோவாக வெளியிட்டார். அந்தச் "சுற்று" தனக்கும் நடந்தது, தானும் சுற்றினேன் என்று அதில் ஒப்புக்கொண்டார். படித்துப் பட்டம் பெற்று, பெரிய வக்கீல் கம்பெனியில் வேலை செய்துவிட்டு வந்தவரை எழுந்து நின்று சுற்றச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவர் சொல்கிறபோது குரல் உடைகிறது.

லிப்ட்டில் கப்சிப்

3 நடிகைகளும் ஒன்றாக வருவது லிப்ட் காட்சியில் மட்டுமே. கெய்லா 2-வது மாடிக்குப் போகிறாள். மற்ற இருவருக்கும் அந்த மாடி என்றால் என்ன என்று தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பேச்சு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கதவு திறக்கிறது. பெண் இறங்கிப் போகிறாள்.

இன்னொரு இடம். கெய்லா தன் ஆபீஸ் தோழியிடம், மேலே நடந்ததைச் சொல்ல வாயெடுக்கிறாள். தோழியோ, எனக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று தடுத்துவிடுகிறாள். கெட்டவள் அல்ல, பாவம். கேட்டால் சாட்சி ஆகிவிடுவாள். சாட்சி ஆனால் வேலை போகும்.

2007-ல் வேலை இழந்த ரூடி பக்தியார் என்ற பெண் நிருபரின் கதையும் நடுவில் வருகிறது. மேலதிகாரி ஒருவர் பதவி உயர்வு பற்றிப் பேச்சை எடுத்து, பிறகு தன் ஆசையைச் சொல்கிறார். அந்தப் பெண்ணின் வாய் மரியாதையாகப் பதில் சொல்கிறது. மனசுக்குள் ஓடுகிற பேச்சும் நமக்குக் கேட்கிறது. சிரிக்கலாமா, முறைக்கலாமா, எந்த வார்த்தை சொன்னால் இவர் கோபப்படாமல் விலகுவார் என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் போடுகிறாள். கணக்கு பலிக்கவில்லை.

கையெழுத்தில் மாட்டிய பூட்டு

இனி அசல் விஷயத்துக்கு வருவோம்.

வேலைக்குச் சேரும்போது காண்டிராக்ட் கொடுப்பார்கள். பக்கம் பக்கமாக இருக்கும். சம்பளம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பக்கங்களுக்கு நடுவில் ஒரு ஷரத்து: கம்பெனியோடு தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. மத்தியஸ்தர் முன்னால்தான் பேச வேண்டும்.

மத்தியஸ்தம் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம். மூடிய அறை. ஜூரி கிடையாது. பத்திரிகை நிருபர் உள்ளே போக முடியாது. என்ன புகார், என்ன தீர்ப்பு, எவ்வளவு பணம் என்பது வெளியே வராது. போதாக்குறைக்கு, பணம் வாங்கும்போது "இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன்" என்று இன்னொரு கையெழுத்து.

விளைவு என்ன? ஒரு பெண்ணுக்கு நடந்தது அடுத்த மேஜைப் பெண்ணுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் இப்படி, தப்பு என்மேல்தானோ என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாக நினைத்துக்கொள்வாள். இதே நிலையத்தில் 2011-ம் ஆண்டு ஒரு பெண் ஊழியருக்கு 31 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து விஷயத்தை முடித்தார்கள். அது 2016-ல்தான் பத்திரிகைக்கு வந்தது. 5 வருஷம் உலகத்துக்கே தெரியாது!

வக்கீல்கள் போட்ட கிடுக்கிப்பிடி

கார்ல்சன் காண்டிராக்டிலும் அந்த ஷரத்து இருந்தது. கம்பெனி மீது வழக்குப் போட முடியாது. நிலையத்தில் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

கார்ல்சனின் வக்கீல்கள் யோசித்தார்கள். கம்பெனியை விட்டுவிட்டு, ரோஜர் எய்ல்ஸ் என்ற தனி மனிதர் மீது வழக்குப் போட்டால்? எய்ல்சுக்கு நியூஜெர்சி மாநிலத்தில் வீடு இருந்தது. அந்த மாநிலக் கோர்ட்டிலேயே மனுவைத் தாக்கல் செய்தார்கள். அது பொது ஆவணம். மறுநிமிஷமே ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

இதுவும் மூடிய அறைக்குத்தான் போக வேண்டும் என்று எய்ல்ஸ் தரப்பில் வேகமாக மனுப் போட்டார்கள். ஆனால் மனு ஊரார் கைக்குப் போன பிறகு பூட்டி என்ன பிரயோஜனம்?

மனுவில் கார்ல்சன் சொன்ன முக்கியப் புகார்: தன்னை நடத்துகிற விதம் பற்றி முறையிடப் போனபோது எய்ல்ஸ் தன்னிடம், நாம் எப்போதோ உறவு வைத்துக்கொண்டிருக்க வேண்டும், அப்படி வைத்திருந்தால் உன் பிரச்சினைகள் எல்லாம் சுலபமாகத் தீர்ந்திருக்கும் என்ற அர்த்தத்தில் பேசினார் என்பது.

எய்ல்ஸ் மறுத்தார். ரேட்டிங் சரியில்லை, அதனால் காண்டிராக்ட் புதுப்பிக்கப்படவில்லை, அந்தக் கோபத்தில் பழிவாங்குகிறார் என்றார். சாகும் வரை அவர் எந்தப் புகாரையும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன் சாட்சி சொன்னது

இப்படிப்பட்ட கேஸ்களில் வழக்கமாக என்ன நடக்கும்? அவள் ஒன்று சொல்வாள், அவர் ஒன்று சொல்வார். அறையில் மூன்றாவது ஆள் கிடையாது. பெரிய மனிதர் பேச்சு எடுபடும்.

ஆனால் மனுவில் இருந்த வாசகங்கள் மொட்டையாக இல்லை. எய்ல்ஸ் பேசியதாக வார்த்தைக்கு வார்த்தை மேற்கோள். இவ்வளவு துல்லியமாக எப்படி ஞாபகம் இருக்கும் என்று எல்லோரும் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

குட்டு பிறகு வெளிவந்தது. 2014-ம் ஆண்டிலிருந்தே, எய்ல்ஸ் அறைக்குப் போகும்போதெல்லாம் கார்ல்சன் தன் செல்போனில் பேச்சைப் பதிவு செய்து வந்திருக்கிறார்! நியூயார்க் மாநிலச் சட்டப்படி, பேசுகிற இரண்டு பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும்; பதிவு செய்வது குற்றம் அல்ல.

ஒன்றரை வருஷம் ஒருவரிடமும் மூச்சு விடாமல், தினம் காமிரா முன்னால் சிரித்துக்கொண்டு, சாட்சியம் சேர்த்திருக்கிறார். போலீஸ் இலாகாவில் இப்படிப் பொறுமை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை!

கெல்லி வாய் திறந்தார்

வழக்குப் போட்டதும் நிலையத்தில் பல பிரபலங்கள் எய்ல்சுக்கு ஆதரவாகப் பேசினார்கள். படத்தில் "ரோஜர் பக்கம்" என்று பனியனே போட்டுக்கொண்டு வருகிறார்கள். கார்ல்சன் வேறு பெண்கள் யாராவது வருவார்களா என்று காத்திருக்கிறார். முதலில் பயங்கர அமைதி.

பிறகு வக்கீல் ஆபீசுக்குப் போன் வர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று ஏறி இருபதைத் தாண்டிவிட்டது. சில புகார்கள் பாக்ஸ் நியூஸ் பிறப்பதற்கு முன்னே, 1960-களில் நடந்தவை.

மர்டாக் குடும்பம் வெளி வக்கீல் கம்பெனியை வைத்து விசாரணை நடத்தியது. நிலையத்தின் நட்சத்திரமான மெகின் கெல்லி என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் எல்லோர் வாயிலும் பேச்சு. அவர் விசாரணை வக்கீல்களிடம் போனார். சுமார் 10 ஆண்டுகளுக்கு முன், தான் புதிதாகச் சேர்ந்த காலத்தில், தன்னிடமும் எய்ல்ஸ் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று சொல்லிவிட்டார்.

அதோடு ஆட்டம் முடிந்தது. ஜூலை 21-ந்தேதி எய்ல்ஸ் ராஜினாமா. அன்று ராத்திரிதான் கிளீவ்லாந்து மாநாட்டில் டிரம்ப், ஜனாதிபதி வேட்பாளராக மேடை ஏறினார். எய்ல்சின் வாழ்க்கையிலேயே பெரிய செய்தி நாளாக இருந்திருக்க வேண்டியது. அவரே செய்தியாகிவிட்டார்.

மறு ஆண்டு மே 18-ந்தேதி, தன் 77-வது வயதில் எய்ல்ஸ் காலமானார்.

பணக் கணக்கு

வாசகர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

2016 செப்டம்பரில் கம்பெனி கார்ல்சனிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அன்றைய மதிப்பில் சுமார் 130 கோடி ரூபாய்.

எய்ல்ஸ் வெளியே போகும்போது வாங்கிப் போனது எவ்வளவு தெரியுமா? 4 கோடி டாலர்! புகார் கொடுத்தவருக்கு ஒரு பங்கு என்றால், புகாருக்கு ஆளானவருக்கு இரண்டு பங்கு.

2017 ஏப்ரலில் அதே நிலையத்தின் இன்னொரு நட்சத்திரம் பில் ஓரெய்லி வெளியேற்றப்பட்டார். 5 பெண்களுக்குச் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து அவர் மீதான புகார்கள் அமுக்கப்பட்டன என்று "நியூயார்க் டைம்ஸ்" போட்டு உடைத்தது. அவரும் புகார்களை மறுத்தார். விளம்பரக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்ட பிறகுதான் முதலாளிகள் அசைந்தார்கள்.

படம் முடிகிறபோது திரையில் எழுத்து வருகிறது: பாதிக்கப்பட்ட பெண்களுக்குக் கொடுத்தது 5 கோடி டாலர், எய்ல்ஸ், ஓரெய்லி இரண்டு பேருக்கும் வழியனுப்புப் பணம் ஆறரைக் கோடி டாலர். தியேட்டரை விட்டு வெளியே வரும்போது வேறு வசனம் எதுவும் மனதில் நிற்காது.

படம் எப்படி?

சார்லீஸ் தெரோனைப் பார்த்தால் நிஜ மெகின் கெல்லிக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஜப்பானில் பிறந்த மேக்கப் நிபுணர் கசு ஹிரோவின் கைவண்ணம். அவருக்கும் அவரது கூட்டாளிகள் இருவருக்கும் 2020-ல் ஆஸ்கார் கிடைத்தது. தெரோன், ராபி இருவர் பெயரும் நடிப்புப் பரிசுக்குப் போயின; கிடைக்கவில்லை. ராபிக்குக் கொடுத்திருக்கலாம். தெருவில் நின்று போனில் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்லும் காட்சி ஒன்றே போதும்.

குறையும் உண்டு. வேகம், வேகம் என்று ஓடுகிறது. டிரம்ப் சண்டைக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அந்த மற்றப் பெண்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

இன்னொரு இடம் சர்ச்சை ஆனது. நீ அன்றைக்கே பேசியிருந்தால் எங்களுக்கு இது நடந்திருக்குமா என்று கெய்லா கெல்லியைப் பார்த்துக் கேட்கிறாள். ஒரு ஆண் எழுதிய காட்சி இது, பாதிக்கப்பட்டவள் மீதே பழி போடுவது என்று நிஜ கெல்லி கண்டித்தார். எனக்கும் அவர் சொல்வது சரி என்றே படுகிறது. கேள்வி கேட்க வேண்டியது 2-வது மாடியில், லிப்ட்டில் அல்ல.

இன்னும் திறக்காத பூட்டு

எய்ல்ஸ் கவிழ்ந்து ஒரு வருஷம் கழித்துத்தான், 2017 அக்டோபரில், சினிமாத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் விவகாரம் வெடித்து உலகமெங்கும் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். கார்ல்சன் வழக்குப் போட்டபோது பின்னால் நிற்க அப்படி ஒரு கூட்டம் கிடையாது.

2021-ம் ஆண்டு நியூயார்க் நகர மனித உரிமை கமிஷன் பாக்ஸ் நியூஸுக்கு 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அத்தகைய புகார்களில் கட்டாய மத்தியஸ்த ஷரத்தை 4 ஆண்டுகளுக்குக் கைவிட வேண்டும் என்றும் நிபந்தனை.

கார்ல்சன் சும்மா இருக்கவில்லை. 2019-ல் இன்னொரு தோழியோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். இரண்டு கட்சி எம்.பி.க்களின் வாசலிலும் ஏறி இறங்கினார். 2022 மார்ச் 3-ந்தேதி ஜனாதிபதி பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பாலியல் தொல்லைப் புகார் என்றால், காண்டிராக்டில் என்ன எழுதியிருந்தாலும், பெண் விரும்பினால் நேரே கோர்ட்டுக்குப் போகலாம். கையெழுத்தின்போது கார்ல்சன் வெள்ளை மாளிகையில் நின்றுகொண்டிருந்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாவது சட்டம். தகராறு வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொண்ட வாய்ப்பூட்டுக் கையெழுத்து இத்தகைய புகார்களில் செல்லாது.

தகராறு வந்த பிறகு, சமரசத்தின்போது போட்ட கையெழுத்து? அது செல்லும். கார்ல்சன் 2016-ல் போட்டது அந்த ரகம். அதனால்தான் "பாம்ஷெல்" எடுத்தவர்களுக்கு அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியவில்லை. நிக்கோல் கிட்மன் நடித்துக் காட்டிய அந்தக் கதையில் எது சரி, எது தப்பு என்று கேட்டால்கூட, அதற்குப் பதில் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.